பதினைந்து வயதுவரை இரண்டு ஆட்டமும் ஆடட்டும்: கடலூர், புதுச்சேரிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளில் பணியாற்றும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் பயிற்சி மையம் நடத்தும் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். பதினைந்து வயது ஆகும்வரை எந்தப் பிள்ளையிடமும் "இந்த ஆட்டமா, அந்த ஆட்டமா, ஏதாவது ஒன்றைச் சொல்" என்று கேட்காதீர்கள். ஒரு ஆட்டத்துக்குப் போனான் என்பதற்காக இன்னொரு ஆட்டத்தின் அணியிலிருந்து அவன் பெயரை எடுக்காதீர்கள்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் கபடி ஆடுகிறாள். ரெய்டு போவதைவிட மூலையில் நின்று கணுக்கால் பிடி போடுவதில்தான் அவளுக்கு விருப்பம் அதிகம். அதோடு வார இறுதியில் ஒரு கிரிக்கெட் பயிற்சி மையத்துக்கும் போய்க்கொண்டிருந்தாள். வேகப்பந்து வீசுவாள். போன ஆண்டு குறுவட்டக் கபடிப் போட்டிக்காக இரண்டு வாரம் நெட்ஸுக்குப் போகவில்லை. திரும்பிப் போனபோது, இனி கபடிக்குப் போகமாட்டேன் என்று பெற்றோர் எழுதித் தந்தால்தான் அணித் தேர்வில் பெயர் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மையத்தின் பெயரைச் சொல்லிப் பழிப்பதற்காக நான் எழுதவில்லை. எழுதத் தொடங்கிய பிறகு விசாரித்ததில், வாலிபால் ஆடும் பையனின் அப்பா, நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் போகும் பெண்ணின் அம்மா என்று பலரும் இதே கதையைத்தான் சொன்னார்கள். மையங்கள்தான் வேறு வேறு. எனவே இதை யாரோ ஒருவரின் பிடிவாதமாக நான் பார்க்கவில்லை. நம் வட்டாரத்தில் எல்லாரும் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்ட வழக்கமாகவே பார்க்கிறேன். அதை மாற்ற முடியும் என்றும் நம்புகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். சொல்தா (சிப்பாய்) தாத்தா என்றுதான் தெருப்பிள்ளைகள் கூப்பிடுவார்கள். பிரான்சில் இருந்த காலத்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தின் மேல் அவருக்குப் பித்து பிடித்துவிட்டது. 2023இல் அங்கே உலகக் கோப்பை நடந்தபோது இரவெல்லாம் தொலைக்காட்சி முன்னால்தான் இருந்தாராம். என் மகள் இடையில் கபடியை நிறுத்திவிட்டுச் சோர்ந்துபோயிருந்த சமயம், அவளிடம் அவர் ஒரு பெயரைச் சொன்னார். ரூடி வான் வூரன். நமீபியா நாட்டுக்காரர், தொழில் மருத்துவம்.

2003ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வே, கென்யாவிலும் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்தது. நமீபியா அதில் ஆடியது. பிப்ரவரி 19 அன்று போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்துக்கு எதிராக வான் வூரன் 43 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். எட்டே நாளில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டம். அதில் அவர் வீசிய கடைசி ஓவரில் டேரன் லேமன் 28 ரன் அடித்தார். நமீபியா 45 ரன்னுக்குச் சுருண்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் ரக்பி உலகக் கோப்பை. அந்த நமீபிய அணியிலும் வான் வூரன் இருந்தார், களத்திலும் இறங்கினார். ஒரே ஆண்டில் இரண்டு ஆட்டத்தின் உலகக் கோப்பையிலும் ஆடிய மனிதர். அந்த ரக்பி கோப்பையில் நமீபியா ஆஸ்திரேலியாவிடம் 142-0 என்று தோற்றது. இரண்டு கோப்பையிலும் சேர்த்து நமீபியா ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

தோல்வியையும் சேர்த்து எழுதக் காரணம் இருக்கிறது. நம்மிடம் யாராவது இரண்டு ஆட்டம் ஆடினால் "இரண்டிலும் உருப்படமாட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். வான் வூரனின் நாடு தோற்றது, ஆனால் அவர் கிரிக்கெட்டில் எடுத்த ஐந்து விக்கெட் இங்கிலாந்தின் விக்கெட். ரக்பி ஆடியதால் அவருடைய பந்துவீச்சு கெட்டுப்போகவில்லை. அவர் இரண்டையும் ஆடியதால்தான் அந்த நாட்டால் இரண்டு அணியையும் ஓரளவு தேற்ற முடிந்தது என்றே நான் நினைக்கிறேன். நமீபியாவில் 2001 கணக்கெடுப்பின்படி மொத்தமே சுமார் 18 இலட்சம் பேர்தான். நம் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 26 இலட்சம் பேர். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் சுமார் 12 இலட்சம். ஆட்கள் குறைவான இடத்தில் நல்ல ஓட்டக்காரனையும் நல்ல பிடிகாரனையும் ஒவ்வொரு ஆட்டமும் தனக்கு மட்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டால் எல்லா அணியும்தான் மெலியும். ஓடத் தெரிந்த, பந்தைக் கண்ணால் அளக்கத் தெரிந்த, விழுந்து எழப் பயப்படாத பிள்ளைகள் ஒரு பள்ளியில் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்தச் சிலரைத்தான் கபடி சாரும் தேடுகிறார், கிரிக்கெட் கோச்சும் தேடுகிறார், தடகள மாஸ்டரும் தேடுகிறார்.

வான் வூரன் மட்டும் அதிசயப் பிறவி இல்லை. அவருக்கு முன்னால் நீண்ட வரிசை உண்டு. இங்கிலாந்தின் ஆண்ட்ரூ ஸ்டாடர்ட் கிரிக்கெட், ரக்பி இரண்டிலும் தன் நாட்டுக்குத் தலைமை தாங்கியவர். எம்.ஜே.கே. ஸ்மித் 1956இல் இங்கிலாந்துக்காக ரக்பி ஆடினார். பிறகு 50 டெஸ்ட் கிரிக்கெட் ஆடி, அதில் 25 டெஸ்டுக்குத் தலைவராகவும் இருந்தார்.

உடற்கல்வி ஆசிரியர்களான உங்களுக்கு எரிக் டிண்டிலைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரர், 1910இல் பிறந்தவர். 1936 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக ரக்பி டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆடினார். அடுத்த ஆண்டே விக்கெட் கீப்பராகக் கிரிக்கெட் டெஸ்டும் ஆடினார். அடிலெய்டில் பிராட்மேன் 11 ரன்னில் ஆட்டமிழந்தபோது அந்தக் கேட்சைப் பிடித்தவர் டிண்டில்தான். ஆடி முடித்த பிறகும் அவர் ஓயவில்லை. ரக்பி டெஸ்டில் நடுவராக விசில் ஊதினார், பிறகு கிரிக்கெட் டெஸ்டில் அம்பயராகவும் நின்றார். இரண்டையும் ஆடி, இரண்டுக்கும் நடுவராகவும் இருந்த அவர் 99 வயதுவரை வாழ்ந்தார். உங்களில் எத்தனையோ பேர் காலையில் வாலிபாலுக்கு விசில் ஊதிவிட்டு மதியம் கோ-கோவுக்கு நடுவராகப் போகிறீர்கள். உடற்கல்விப் பட்டம் வாங்கும்போது ஒரு ஆட்டம் மட்டும் படித்துவிட்டா வந்தீர்கள்? கபடிக்கோடும் போடத் தெரியும், நூறு மீட்டருக்கு ஸ்டார்ட்டும் கொடுக்கத் தெரியும், கூடைப்பந்து விதியும் தெரியும். பல ஆட்டம் தெரிந்ததுதான் உங்கள் பலம். அந்தப் பலத்தை எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இந்த வரிசை இப்போது ஏன் நின்றுபோனது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் கிரிக்கெட் கோடைக்கு, ரக்பி குளிர்காலத்துக்கு என்று இருந்தது. ஒன்று முடிந்தால் மற்றது தொடங்கும். 1995இல் ரக்பியில் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று விதி மாறியது. கிரிக்கெட்டும் ஆண்டு முழுக்க நடக்கத் தொடங்கியது. ஒப்பந்தம் போட்டவர்கள் தங்கள் ஆட்டக்காரரை மற்ற ஆட்டத்துக்கு அனுப்பத் தயங்கினார்கள். இந்த மாற்றம் நடந்த சமயத்தில் இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர் ஜெஃப் வில்சன். 1993 மார்ச்சில் 19 வயதில் நியூசிலாந்துக்காக ஒருநாள் கிரிக்கெட் ஆடினார். அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ரக்பி டெஸ்டிலேயே மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) அடித்தார். பிறகு ரக்பியைத் தேர்ந்தெடுத்து 60 டெஸ்டில் 44 ட்ரை அடித்தார். ரக்பியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டு, 2005இல் மறுபடி நியூசிலாந்தின் கிரிக்கெட் அணிக்கு வந்தார். ஏறக்குறைய 12 ஆண்டு இடைவெளி.

வில்சனும் ஒரு கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எப்போது தேர்ந்தெடுத்தார்? இரண்டிலும் நாட்டுக்காக ஆடிப் பார்த்த பிறகு, வளர்ந்த ஆளாக, தானே யோசித்து. பன்னிரண்டு வயதில் அப்பா அம்மா கையெழுத்துப் போட்ட தாளால் அல்ல.

நம் ஊர்ப்பக்கக் கதையும் இருக்கிறது. எம்.ஜே. கோபாலன் 1909இல் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர்தான், 1934இல் சேப்பாக்கத்தில். அதே ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்டும் ஆடியிருந்தார். 1935இல் தியான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போய்வந்தார். 1936இல் ஒரே நேரத்தில் இரண்டு வாய்ப்பு வந்தது. பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஹாக்கி அணி, இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் அணி. அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரைக் களமிறக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். கடலில் கப்பல் போகும் காலம், இரண்டு இடத்துக்கும் ஒரே ஆண்டில் போக வழியில்லை. அவருக்கு அது தவிர்க்க முடியாத தேர்வு. நம் பிள்ளைகளுக்கு அப்படி என்ன நெருக்கடி? மஞ்சக்குப்பம் மைதானத்துக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கும் சைக்கிளில் போய்வந்துவிடலாம்.

கோபாலன் போன அதே 1936 கிரிக்கெட் அணியில் இன்னொரு சென்னைக்காரரும் இருந்தார், கோட்டா ராமசாமி. அவர் 1922லேயே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். மான்செஸ்டரில் தன் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆடியபோது அவருக்கு வயது நாற்பது. இரண்டு இன்னிங்ஸில் 40, 60 ரன் எடுத்தார். இவர்களை ஏதோ பழங்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. மதராஸ் மாகாணத்தில் இரண்டு ஆட்டம் ஆடுவது கௌரவமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அது நம் மரபுதான்.

சரி, உடம்பைப் பற்றிப் பேசுவோம். கிரிக்கெட் பயிற்சியாளர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். வேகப்பந்து வீசும் வளரும் பிள்ளைகளுக்கு அடிமுதுகு எலும்பில் மெல்லிய விரிசல் வருவது உலகம் முழுக்க மருத்துவர்கள் எச்சரிக்கும் விஷயம். ஒரே அசைவை ஆண்டு முழுக்கச் செய்வதுதான் முக்கியக் காரணம். எலும்பு இன்னும் முற்றாத வயதில், ஒரே இடத்தில் ஒரே மாதிரி இழுவையும் அழுத்தமும் விழுந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் அது தாங்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே ஆட்டத்தில் முழுசாக இறங்குவதை 15, 16 வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது என்று சொன்னது. அப்படி ஒரே ஆட்டம் ஆடும் பிள்ளைகளும் ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதமாவது, ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்து, அந்த ஆட்டத்திலிருந்து விலகி இருக்க வேண்டும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வும் வேண்டும் என்றது. இதை நம் மையங்களின் கோடைகால அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மே மாத வெயிலில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், எல்லாம் ஒரே நெட்டில். பிள்ளை "முதுகு வலிக்குது சார்" என்றால், பயப்படாமல் வீசு என்கிறோம். கபடிக்குப் போன இரண்டு வாரத்தில் என் மகள் பந்து வீசவில்லை, அவள் முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. தண்டனை கொடுக்க வேண்டிய காரியமா அது?

ஒரு ஆட்டம் இன்னொரு ஆட்டத்துக்குச் சொல்லித் தருவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணுக்கால் பிடி போடும் பிள்ளைக்கு எதிராளியின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண் பழகிவிடும். அந்தக் கண்தான் கிரிக்கெட்டில் பாயிண்ட் என்ற இடத்தில் ஃபீல்டிங் நிற்கும்போது பேட்ஸ்மேன் ஓட எத்தனிப்பதை முதலில் பார்க்கிறது. பாடிக்கொண்டே உள்ளே போய்த் திரும்பும் பெண்ணுக்கு ரன் ஓடும்போது பாதியில் நின்று திரும்புவது கஷ்டமே இல்லை. கோ-கோ ஆடிய பிள்ளை குனிந்து பந்து பொறுக்கி எழும் வேகம் தனியாகத் தெரியும்.

இங்கே ரக்பியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை. கடலூர் மாவட்டத்துக் கபடிப் பிள்ளைகளுக்கு ரக்பி கைவந்துவிடும் என்று சொல்தா தாத்தா அடித்துச் சொல்கிறார். 2016 முதல் ஒலிம்பிக்கில் இருப்பது ஏழு பேர் ஆடும் ரக்பி. கபடியிலும் களத்தில் ஏழு பேர்தான். இரண்டிலும் ஓடி வருகிறவரை இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்தத் தெரிய வேண்டும், விழுந்த உடனே எழத் தெரிய வேண்டும், பக்கத்தில் நிற்பவரோடு சேர்ந்து மடக்கத் தெரிய வேண்டும். ரக்பியில் பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் எறியலாம் என்பது மட்டும் புதிதாகப் பழக வேண்டியது. கழுத்தில் அடிபடும், தலையில் அடிபடும் என்ற பயம் நியாயமானது, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பில் நாடா கட்டி, அதை உருவினால் பிடித்ததாகக் கணக்கு என்று ஆடும் வகை இருக்கிறது. அதற்குக் கோல் கம்பமும் வேண்டாம், புல்தரையும் வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் போதும். 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் பட்டம் வென்றது சென்னை அணி. நம் கரையோரப் பிள்ளைகள் அதைத் தொட முடியாத தூரம் என்று நான் நினைக்கவில்லை. கபடி சார் யாராவது ஒரு ரக்பிப் பந்து வாங்கி வைத்தாலே போதும், மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோடையும் குளிர்காலமும் இருந்தது, நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நமக்கும் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் குறுவட்டப் போட்டிகள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. 2015 வெள்ளத்தையும் 2024 ஃபெஞ்சல் புயலையும் பார்த்த ஊர்கள் நாம். கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் தண்ணீர் ஏறும் மாதங்களில் எந்தப் பிட்சும் காயாது. தை பிறந்தால் ஊருக்கு ஊர் கபடி. மாசி, பங்குனியில் பரீட்சை. மே மாதம் கோடைப் பயிற்சி முகாம். லெதர் பால் கிரிக்கெட்டுக்கு உகந்த மாதங்கள் ஆண்டில் பாதிகூடத் தேறாது. மீதி மாதங்களில் பிள்ளை கபடியோ, நீச்சலோ, பேட்மிண்டனோ ஆடினால் யாருக்கு நஷ்டம்? ஈர மண்ணிலும் மழைத்தூறலிலும் தயங்காமல் ஆடக்கூடியது ரக்பி. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டில் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு வழி.

புதுச்சேரியில் இதற்கு முன்மாதிரி தேடி எங்கும் போக வேண்டியதில்லை. அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் பிள்ளைகள் ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், குழு ஆட்டம் எல்லாவற்றையும் ஆண்டு முழுக்க மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 2 அன்று அவர்கள் நடத்தும் உடற்பயிற்சிக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அந்த உடம்புகளின் நேர்த்தி தெரியும். அங்கே உள்ள வசதி எல்லாப் பள்ளிக்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாற்றி மாற்றி ஆட விடுவதற்குப் பெரிய பணம் தேவையில்லை, பெரியவர்கள் சம்மதித்தால் போதும்.

உங்கள் பக்கத்துச் சங்கடங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. அரையிறுதி இருக்கும்போது முக்கியமான பையன் வேறு மைதானத்தில் கால் சுளுக்கி வந்து நின்றால் வயிறு எரியத்தான் செய்யும். பயிற்சி மையத்துக்கு மாதக் கட்டணம் வந்தால்தான் வாடகை கொடுக்க முடியும், இரண்டு மாதம் பிள்ளை வராவிட்டால் கணக்கு உதைக்கும். பள்ளியில் தலைமை ஆசிரியர் கேட்பது கோப்பை எத்தனை என்றுதான். விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று வந்து நிற்பதும் எங்களைப் போன்ற பெற்றோர்தான். அந்த அவசரத்துக்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை. பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டால் ஒரு வார்த்தை கேட்காத பெற்றோர், சான்றிதழுக்கு மட்டும் உங்களை நெருக்குவது சரியில்லை. இதைப் படிக்கும் அப்பா அம்மாக்களும் தங்கள் பங்கை யோசிக்க வேண்டும்.

ஆனாலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு தாளை நீட்டும்போது, அங்கே அதிகாரம் முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் வார்த்தையை அந்தப் பிள்ளை அப்பா அம்மா வார்த்தைக்கும் மேலே வைத்திருக்கிறது. "கபடி ஆடினால் கை கெட்டுவிடும்" என்று நீங்கள் சொன்னால் அது நம்பிவிடும். என் மகள் நம்பினாள். அப்புறம், பதினாறு வயதில் உயரமோ வேகமோ எதிர்பார்த்தபடி வராமல் போய், கிரிக்கெட்டில் இடமில்லை என்று நீங்கள் சொல்லும் நாளில் அவளுக்குத் திரும்பிப் போக வேறு ஆட்டமே இருக்காது. அப்படி மைதானத்தையே விட்டுப் போன பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் "போதும் விளையாட்டு" என்பார்கள். ஒரு ஆட்டம்தான் தெரியும், அதிலும் தேர்வாகவில்லை என்றால் அந்தப் பெண் எதைக் காட்டி வீட்டில் வாதாடுவாள்?

நடைமுறைக்கு வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கபடி, வாலிபால், தடகளம் பார்க்கும் ஆசிரியர்களும் கிரிக்கெட், நீச்சல், பேட்மிண்டன் மையங்கள் நடத்துபவர்களும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். கடலூர்க்காரர்கள் அண்ணா விளையாட்டரங்கத்தில், புதுச்சேரிக்காரர்கள் உப்பளம் மைதானத்தில். குறுவட்டப் போட்டித் தேதிகள் ஏறக்குறைய முன்பே தெரிந்துவிடும். அந்த நாட்களில் மையங்கள் அணித் தேர்வு வைக்காமல் இருந்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இரண்டு ஆட்டம் ஆடும் பிள்ளையின் இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை அவள் எத்தனை ஓவர் வீசினாள், நேற்று ரெய்டில் எங்கே அடிபட்டாள் என்று ஒரு நிமிடம் பேசினால் போதும், பிள்ளையின் உடம்புக்கு மேல் சுமை ஏறாது. இப்போது அந்தக் கணக்கை வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை, பிள்ளையே மறைத்து மறைத்து இரண்டு இடத்துக்கும் ஓடுகிறது. அதுதான் ஆபத்து. பிள்ளை வேறு ஆட்டத்துக்குப் போகும் மாதத்துக்கு மையங்கள் பாதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடத்தை வைத்திருக்கலாம். நான் கொடுப்பேன். நான் பேசிய பெற்றோரும் கொடுக்கத் தயார் என்றுதான் சொன்னார்கள்.

எழுதி வாங்கும் அந்தத் தாளை மட்டும் இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள். பதினைந்துக்கு மேல் ஒரு பிள்ளை தானாக வந்து "சார், நான் இதிலேயே இருக்கேன்" என்று சொன்னால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் கபடி சார் அவளைக் கிரிக்கெட்டுக்கு அனுப்பி வைத்தவராகவும், கிரிக்கெட் கோச் அவளுடைய கபடி இறுதிப் போட்டியை வந்து பார்த்தவராகவும் இருந்தால், அந்தப் பிள்ளை உங்கள் இரண்டு பேர் பெயரையும் எங்கே போனாலும் சொல்லும்.

கூட்டத்துக்குத் தேதி குறித்தால் பெற்றோர் சார்பில் நான் வருகிறேன். நாற்காலி, டீ, பள்ளிகளின் பரீட்சை அட்டவணை இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முத்தியால்பேட்டைத் தாத்தாவும் தன் ரக்பிப் பந்தை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா